கனடாவில் இயக்கம்

என் கணவர், போதகர் திவாகரனைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அந்தச் சனிக்கிழமை காலையிலேயே எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எவரும் அந்தச் சொல்லை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயில் எடுப்பார்கள். இவரோ அதைச் சிவப்பு எழுத்தில் போட்டு, கீழே எங்கள் திருச்சபையின் பாலர் பாடசாலை மண்டபத்தின் படத்தையும் வைத்து, வட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பிவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கனடாவில் இயக்கம் வளர்ந்த கதை. நாளை பின்னேரம் பாலர் பாடசாலை மண்டபத்தில். இயக்கத்தில் இணைய விரும்பும் சகோதரிகள் தவறாமல் வரவும்."

இங்கே இயக்கம் என்றால் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்த இயக்கம்தான். கனடா என்றாலோ, அந்த இயக்கத்தின் மிச்சசொச்சம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று சீஐடிக்காரர் நம்புகிற நாடு. இரண்டையும் ஒரே வரியில் எழுதி, ஆள் சேர்க்கிறோம் என்றும் போட்டிருக்கிறார் இந்த மனிதர்.

என் அண்ணன் பதினைந்து வயதில் ரியூஷனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து தந்தார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக மற்றப் பக்கத்தார், அரசாங்கத்தின் ஆட்கள், மோட்டார் சைக்கிளில் வந்து, அவன் எங்கே என்று எங்களிடமே கேட்டார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் நான் இப்போதும் பின்கதவைத்தான் பார்ப்பேன்.

இவருக்கு அதெல்லாம் தெரியாது. தெரியும், ஆனால் உடம்பில் ஏறவில்லை. மூன்று வயதில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்த்தார்கள். மதுரையில் இறையியல் படித்தார். அங்கே மரம் நடுவதற்கும் இயக்கம், பிளாஸ்டிக் பையை ஒழிப்பதற்கும் இயக்கமாம். நான் கத்தியபோது, "இயக்கம்னா நல்ல காரியத்துக்காகச் சேர்ந்து நிக்கிறது, ஆர்த்தி. இதுல என்ன தப்பு?" என்றார். எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது.

கனடா அவருடைய பைத்தியம். நூறு வருடத்துக்கு முன் அங்கே கோதுமை விளைகிற ஊர்களிலும் ரயில் ஊர்களிலும் சில போதகர்கள், மோட்சத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் தொழிலாளிக்கு நியாயம் வேண்டும் என்று பிரசங்கம் செய்தார்களாம். சங்கம் கட்டி, கட்சி கட்டி, வேலைநிறுத்தத்தில் போய் நின்றார்களாம். அதில் ஒருவர் பிரசங்கபீடத்தை விட்டு இறங்கித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார். பின்பு வேலைநிறுத்தக்காரரின் பத்திரிகையை நடத்தியதற்காக அவரைப் பிடித்தார்கள். குற்றப்பத்திரத்தில் அவர் அச்சடித்த வேத வசனங்களும் இருந்தன. இந்த இடத்துக்கு வந்தால் இவருடைய கண் கலங்கும்.

இதெல்லாம் இவரோடு கிடந்திருக்கும், என் கக்கூஸ் இல்லாவிட்டால். வாவிப் பக்கத்து இறால் கொம்பனியின் பஸ் பின்னேரம் எங்கள் வாசலில் நிற்கும். நின்றதும் பெண்கள் முட்டி மோதிக்கொண்டு எங்கள் வீட்டுக் கக்கூசுக்கு ஓடி வருவார்கள். குருக்கள்மடத்துப் பிள்ளைகளும் வருவார்கள், காத்தான்குடிப் பெண்களும் வருவார்கள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்து நின்றபடி இறால் உரிக்க வேண்டும், மேற்பார்வையாளர் தலையாட்டினால்தான் வெளியே போகலாம், அவர் இலகுவில் தலையாட்ட மாட்டார். அவர்களில் மூத்தவரான காத்தான்குடி நஸீறா றாத்தாதான் ஒருநாள் இதையெல்லாம் இவரிடம் சொன்னார். நாங்கள் ஒரு சங்கம் வைத்தால் என்ன ஐயா என்றும் கேட்டார். இவருக்குக் கனடா கண்முன்னே வந்து நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

என் அழுகையைப் பார்த்து அந்த அறிவித்தலை அழித்தார். அது இன்னும் மோசமாகப் போனது. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று எல்லாருடைய போனிலும் வந்து நின்றது. அதுவரை கவனிக்காதவர்களும் என்ன அது, ஏன் அழித்தார் என்று கேட்கத் தொடங்கினார்கள். "இயக்கம்" என்பதைச் "சங்கம்" என்று மாற்றித் திரும்ப அனுப்பியபோது, திருச்சபைக் குழுவில் இருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். பாடகர் குழு மேனுகா மட்டும் எனக்குப் போன் எடுத்து, கோவிக்க வேண்டாம், தன் கணவருக்கு அரசாங்க உத்தியோகம் என்று மன்னிப்புக் கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர். மூத்தவர் நல்ல தமிழில், மரியாதையாகவே கேட்டார், கனடாவில் இருந்து வருவது யார் என்று. அந்த மரியாதைதான் என்னை உலுக்கியது. அண்ணனைத் தேடி வந்தவர்களும் முதல்நாள் இப்படித்தான் பேசினார்கள். யாரும் வரவில்லை, நூறு வருடத்துக்கு முந்திய சங்கதி என்று சொல்லி விட்டிருக்கலாம். இவர் அதோடு நிற்காமல், "நாளைக்கு வாங்களேன், முழுசாச் சொல்றேன்" என்று அவர்களுக்கும் அழைப்பு வைத்தார்.

வந்தார்கள். திருச்சபையில் ஒரு குருவி வரவில்லை, அவர்கள் மட்டும் வந்தார்கள். மண்டபத்தில் பாலர்களின் கதிரைகள்தான் உண்டு. இரண்டு பேரும் அவற்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இவர் வெறும் கதிரைகளுக்கும் சேர்த்துப் பேசினார். கட்டுகிறவனே அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற வசனத்துக்காகக் கனடாவில் ஒருவரைப் பிடித்தார்கள் என்றபோது, இளையவர் அதைப் போனில் எழுதிக்கொண்டார். வசனத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இவர் சந்தோஷமாகச் சொன்னார்.

நான் வாசல் பக்கமாக நின்றேன். அப்போதுதான் கேற்றுக்கு வெளியே நஸீறா றாத்தாவைக் கண்டேன். பின்னால் ஐந்தாறு பெண்கள். மோட்டார் சைக்கிளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். வர வேண்டாம் என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அசைத்தேன்.

உள்ளே மூத்தவர் தொண்டையைச் செருமினார். "நல்ல கதை, போதகர். இந்த இயக்கத்தில இதுவரைக்கும் ஆர் ஆர் சேர்ந்திருக்கினம்?"

இவருக்குப் பொய் வராது. அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அது தெரியும். நஸீறா றாத்தாவின் பெயர் அவருடைய நாக்கு நுனிக்கு வந்துவிட்டதை நான் கண்ணால் கண்டேன்.

"நான் சேர்ந்திரிக்கன்" என்றேன்.

இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பினார்கள். வேறு யார் என்று கேட்டார்கள். வேறு ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். இளையவர் என் முழுப் பெயரைக் கேட்டு எழுதினார். பிறந்த ஊரைக் கேட்டார். கூடப்பிறந்தவர்களைக் கேட்டார். ஒரு அண்ணன் என்றேன். எங்கே என்றார். தெரியாது என்று சொல்லும்போது என் குரல் அம்மாவின் குரல்போல இருந்தது. கேற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

மறுநாள் விடியவே போன் வந்தது. அழைப்பு இவருக்கு இல்லை, எனக்கு. ஒன்பது மணிக்கு மட்டக்களப்பு ரவுணில் உள்ள சீஐடி அலுவலகத்துக்கு வர வேண்டுமாம், சின்ன விசாரணைதானாம். இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்ன பண்ணிட்டேன் ஆர்த்தி" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைத் திட்ட எனக்கு நேரமில்லை. நஸீறா றாத்தாவுக்கு மட்டும் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். இனிச் சங்கக் கதை வேண்டாம், எங்கள் வீட்டுப் பக்கமும் வர வேண்டாம் என்று சொல்லத்தான் எடுத்தேன். அவர் ம் என்றார், வைத்துவிட்டார்.

நானும் இவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்தோம். காலையில் வேலைக்கு ஆள் ஏற்றுகிற கொம்பனி பஸ் வழக்கமான இடத்தில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தலையும் இல்லை. சாரதி இறங்கி நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே, ரவுணுக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில், பெண்கள் நின்றார்கள். அபாயா போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி.

எனக்குப் பயம் போகவில்லை. கூடியது. நேற்று ஒரு பெயரோடு முடித்துவிட்டேன் என்று நினைத்தேனே, இப்போது இத்தனை முகங்களையும் பார்க்கப்போகிறார்கள். வேலைக்குப் போங்கள் றாத்தா என்று கெஞ்சினேன்.

"போகல்ல தங்கச்சி. நீங்க வெளிய வரும்மட்டும் நாங்க வாசல்ல இரிப்பம்" என்றார் நஸீறா. ஐஸ் தின்ற விரல்களால் என் கையைப் பிடித்தார்.

இவர் அந்தப் பெண்களையும் காலிப் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது. எனக்குத் தெரியும், கனடாவுக்குப் போய்விட்டார். "ஆர்த்தி, இதுதான், இதைத்தான் நான்..." என்று வாயைத் திறந்தார்.

நஸீறா றாத்தா அவரை முடிக்க விடவில்லை.

"போதகர் ஐயா, இதுக்குப் பேர் கீர் ஒண்டும் வெக்காதீங்க" என்றார். "பஸ் வருது, ஏறுவம்."