துண்டுக்கு அடியில் மூன்று வருடம்

எனக்கு ஐம்பத்தோரு வயது. மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள ஒரு துறைமுக நகரத்தில் நான் இளைஞனாக வேலை பார்த்துவந்தேன்.

அரசாங்க உத்தியோகம். ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி. அதில் இளைஞனாக இருக்க வேண்டும். வடகரை நாடுகளிலிருந்தும் தென்கரை நாடுகளிலிருந்தும் குழுக்கள் வந்து என்னைப் பார்க்கும். உன் கனவு என்ன என்று கேட்பார்கள். வேலை என்பேன். எழுதிக்கொள்வார்கள். மதியம் மத்தி வறுவலும் ரொட்டியும் உண்டு.

நான் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்க் கட்டி விற்க வந்தவன். இறங்கிய அன்று ஒரு கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒருவர் சுத்தியலை வைத்துக்கொண்டு எண்களை வாசித்தார். ஏலம் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். சுத்தியல் விழுந்தது. விளம்பரத்தை அதற்கப்புறம்தான் காட்டினார்கள். இளைஞர் தேவை, பணியிடம் ஒன்று, முப்பது வருட அனுபவம் அவசியம்.

எனக்குச் சரியாக முப்பது இருந்தது. மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தது பதினாறு, நார் விற்றது பதினாலு. கூடத்தில் இருந்த மற்றவர்களுக்கு வயதே இருபது, இருபத்திரண்டு. முப்பதுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

அலுவலகத்தின் பெயர் 'இளைஞர் வேலைவாய்ப்பு மற்றும் அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி'. பெயர்ப்பலகை இரண்டு தெரு தாண்டி மீன் கடைக்கு மேல் முடியும். மீன்காரருக்கு 'வளர்ச்சி' என்ற சொல் மட்டும் கிடைத்திருந்தது. அதற்குக் கீழே கணவாய் விற்றார். நன்றாகப் போனது.

போன ஆண்டறிக்கையில் இளைஞர் வேலைவாய்ப்பு நூறு சதவீதம். பொய் இல்லை. இளைஞர் ஒருவர், அவருக்கு வேலை இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் அறுநூற்று நாற்பது பேர் இளைஞர்களில் சேர்த்தி இல்லை. வெகுநாளாக அங்கேயே உட்கார்ந்திருந்ததால் பதிவேட்டில் அவர்களைப் படிக்கட்டு என்று எழுதியிருந்தார்கள். வருடம் ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க ஆள் வரும். அவரும் பாவம், பார்த்துத்தான் அடிப்பார்.

அதிகாரியின் பெயர் கலோஜெரோ. பதினொரு மணிவரை அதிகாரி. அதற்கு மேல் பீரோ. முதலில் முழங்கைகள் சதுரமாகும். பிறகு சட்டைப் பொத்தான்கள் கைப்பிடிகளாகும். கடைசியாக மீசை பூட்டாகும். தங்கமான மனிதர், தேக்கு பீரோ. ஆனால் பதினொன்றுக்கு மேல் அவரிடம் கையெழுத்து வாங்கியவர் கிடையாது.

அன்று பத்து மணிக்கு ஒரு பெண் என் கண்ணாடி அறைக்குள் வந்தாள். வாசலில் நாலாவது படியில் இருப்பவள். பெயர் யுஸ்ரா, வயது இருபத்துநாலு, மாலுமிப் பள்ளியில் முதல் மாணவி. முதுகில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது.

"உங்களிடம் அனுபவம் இருக்கிறதாமே. எனக்கு மூன்று வருடம் வேண்டும்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். ஜன்னல் வழியே காட்டினாள்.

துறைமுகத்தில் அக்கரைக்குப் போகும் பயணிகள் கப்பல் ஒன்று நின்றது. மூன்று வருடமாக நின்றது. அதை ஓட்ட ஆள் வேண்டும். விண்ணப்பிப்பவர் கடந்த மூன்று வருடம் அதே கப்பலை ஓட்டியிருக்க வேண்டும். கடந்த மூன்று வருடம் அது நின்றுகொண்டிருந்தது. அதனால் யாரும் கிடைக்கவில்லை. யாரும் கிடைக்காததால் அது நின்றது. இன்று பதினொரு மணிக்குள் ஆள் சேராவிட்டால் அதைக் கட்டடம் என்று அறிவித்துவிடுவார்கள். திரைச்சீலைக்கு அளவெடுக்க ஏற்கெனவே ஒரு தையல்காரர் ஏறியிருந்தார்.

பள்ளியில் படிக்கும்போதே அந்தக் கப்பலைத் தான் ஓட்டப்போவதாக மனதில் எழுதிவைத்துவிட்டாளாம். கட்டடத்தை எப்படி ஓட்டுவது என்று யாரும் கற்றுத்தரவில்லை என்றாள்.

என்னிடம் இருப்பது மாட்டு அனுபவமும் நார் அனுபவமும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். விண்ணப்பத்தில் எத்தனை வருடம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், என்ன அனுபவம் என்று கேட்கவில்லை என்றாள். அதே கப்பல் என்ற நிபந்தனையை நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றாள். விவரமான பெண்.

மூன்றைக் கொடுத்தால் எனக்கு இருபத்தேழுதான் மிஞ்சும். இருபத்தேழு வைத்திருப்பவன் இளைஞனாக இருக்க முடியாது. வேலை போய்விடும், மத்தி வறுவலும் போய்விடும். இதையும் சொன்னேன்.

அவள் என் தோளில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். வாங்குபவன் கையையும் விற்பவன் கையையும் துண்டால் மூடிவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் ஒன்று. இரண்டு விரல் இரண்டு. உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. சுற்றி நிற்பவனுக்கு ஒரு துண்டு நெளிவது மட்டும்தான் தெரியும். நான் அங்கே வளர்ந்தவன். ஒரு கை துண்டுக்கு அடியில் வந்துவிட்டால் பேரம் முடியாமல் என்னால் எழுந்திருக்க முடியாது. அது வியாதி.

யுஸ்ரா தன் கையைத் துண்டுக்கு அடியில் நீட்டினாள்.

சும்மா கொடுத்திருக்கலாம். ஆனால் சும்மா கொடுத்தால் மாட்டுக்கு ஏதோ நோய் என்று வாங்குபவன் நினைப்பான். என்ன தருவாய் என்று கேட்டேன். தன்னிடம் அனுபவம் இல்லை, இருபத்துநாலு வருடமும் புத்தம் புதிதாக அப்படியே இருக்கின்றன என்றாள். படியேறினால் வலிக்காத முழங்கால் இரண்டு. தலையை வைத்தால் வரும் தூக்கம். பிறகு, விசிலடிக்கத் தெரியும் என்றாள்.

எனக்கு விசில் வராது. ஐம்பத்தோரு வருடமாக வராது. காற்றுதான் வரும். சந்தையில் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். முகத்தை மாற்றாமல், விசில் என்ன பெரிய விசில், இந்த ஊரில் கழுதைகூட அடிக்கிறது என்றேன். உண்மையிலேயே வாசலில் ஒரு கழுதை அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு விரலைப் பிடித்தேன். ஒரு வருடம். அவள் என் நாலு விரலைப் பிடித்தாள். உள்ளங்கையைச் சுரண்டினேன். ஒன்றரை. அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து போனாள். பத்தடி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடை வேகம் குறையவும் இல்லை.

இது பள்ளியில் சொல்லித்தந்து வருவதில்லை. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. கூப்பிட்டேன். மூன்று விரலைக் கொடுத்தேன். அவள் அழுத்திப் பிடித்தாள்.

பேரம் முடிந்தது. மூன்று வருடம் மணிக்கட்டு வழியாக இறங்கிப் போவது தெரிந்தது. வெந்நீர் போல இருந்தது. போனவை சந்தையில் என் கடைசி மூன்று வருடங்கள், நல்ல ராசியான வருடங்கள். துண்டை எடுத்தேன். என் வாய் தானாகக் குவிந்தது. சத்தமாக, நீளமாக, வளைந்து வளைந்து ஒரு விசில் வந்தது. வாசலில் கழுதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

யுஸ்ரா தலையைச் சொறிந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"ஏனுங்ண்ணா, மணி பத்தே முக்கால் ஆச்சுங்களே. கெளம்பலாமுங்களா?" என்றாள்.

கலோஜெரோவின் அறை நடைபாதையின் கோடியில் இருந்தது. அந்த நடைபாதை நேரமாக ஆக நீளும். அன்று நாங்கள் நடக்க நடக்க அறை தூரப் போனது. நான் நின்று பேசிப் பார்த்தேன். நடைபாதை நானூறு அடி கேட்டது. மனசாட்சியோடு பேசு என்றேன். முந்நூறு என்றது. நான் திரும்பி நடப்பதுபோல் காட்டினேன். யுஸ்ரா குறுக்கே புகுந்து, இந்தச் சுவருக்கு ஈரம் ஊறுது, இதுக்குப் போயி முந்நூறா என்று கேட்டாள். முப்பத்தைந்து அடிக்கு முடித்தோம்.

கலோஜெரோவின் முழங்கைகள் சதுரமாகியிருந்தன. விண்ணப்பத்தைப் படித்தார். மூன்று வருடம் சரி என்றார். ஆனால் அதே கப்பலில் பெற்ற அனுபவம்தானா என்பதைக் கப்பலை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்றார். நேரில் வர அவருக்கும் ஆசைதான். கால்கள் ஏற்கெனவே கட்டைகளாகிவிட்டன.

யுஸ்ரா வாசலுக்குப் போய்ப் படிக்கட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தாள். அவர்கள் அவரைத் தூக்கினார்கள். தூக்குவதற்கு எத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று ஒருவன் பயந்துகொண்டே கேட்டான். முன்பக்கம் தூக்குபவன் கொஞ்சம் குனிந்தால் போதும் என்று கலோஜெரோவே சொல்லிவிட்டார்.

துறைமுகத்தில் இறக்கும்போது மணி பத்து ஐம்பத்தாறு. பொத்தான்கள் கைப்பிடிகளாகியிருந்தன.

யுஸ்ரா கப்பலைச் சுற்றி ஒரு நடை வந்தாள். விலாவில் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். முகப்பில் ஏறி, இரும்பு உதட்டை விலக்கி, பல்லைப் பிடித்துப் பார்த்தாள். கப்பல் தலையை ஆட்டியது. அடங்கு என்று தட்டிக்கொடுத்தாள்.

"ஆறு பல்லுங்க. இன்னும் கடை சேரலீங்க, வயசு கம்மிதானுங்க. சுழி சுத்தம், ராசியானதுங்க. நின்னு நின்னு கொழுத்துப் போச்சு, அவ்வளவுதானுங்க, வேற கொறை இல்லீங்க" என்றாள்.

தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கலோஜெரோ கேட்க நினைத்தது பூட்டுக்குள் போய்விட்டது. மீசை முடிந்தது. மணி பதினொன்று அடித்தது.  யுஸ்ரா கப்பலின் கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. மற்றக் கை காற்றில் மாலுமி முடிச்சு ஒன்றைப் போட்டுப் போட்டு அவிழ்த்தது. என் மூன்று வருடத்தில் மாலுமி முடிச்சு ஒன்றுகூட இல்லை, ஆகவே அது அவளுடைய சொந்தச் சரக்கு.

கீழிருந்து இரண்டாவது இழுப்பறை மெதுவாகத் திறந்தது. உள்ளே ஒரு காகிதம் இருந்தது. கையெழுத்து காயவில்லை. நியமன உத்தரவு. மேலே அவள் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

யுஸ்ரா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஜாக்கெட் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டாள். பிறகு ஏறிப் போய், நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்து, சுக்கானைப் பிடித்து லேசாக முறுக்கினாள். மூன்று வருடமாக நின்ற கப்பல் கிளம்பியது.

கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. கயிறு அவிழ்ப்பவர் பணியிடம் காலி. அதற்கு ஐந்து வருடம் கேட்டிருந்தார்கள். அதனால் கப்பலோடு துறைமுகமும் கிளம்பியது. துறைமுகத்தோடு மீன் சந்தை, மணிக்கூண்டு, ஆலிவ் எண்ணெய்க் கிடங்கு, பெயர்ப்பலகை, அலுவலகம், அலுவலகப் படிகள், படிகளில் இருந்தவர்கள் எல்லாமும் கிளம்பின. ஒருவரும் விடுபடவில்லை. பின்னால் ஒரு கிழவர் மட்டும் வெற்றிலைப் பெட்டி அளவுள்ள சூட்கேஸோடு ஓடிவந்தார். அவரையும் கைகொடுத்து இழுத்துப் போட்டார்கள்.

கடலுக்குள் வந்ததும் நகரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. மணிக்கூண்டில் நின்று தூரத்தைப் பார்க்க ஆள் வேண்டும். தெருவில் புகுந்த தண்ணீரை இறைக்க ஆள் வேண்டும். திருப்பங்களில் தேவாலயத்தைச் சாயாமல் பிடித்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர் வேண்டும். நகரத்தை ஓட்டிய அனுபவம் உலகத்தில் யாருக்கும் கிடையாது. அதனால் யாரும் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. அறுநூற்று நாற்பது பேர் எழுந்து நின்று சுண்ணாம்பைத் தட்டினார்கள். ஊர் முழுக்கக் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. கால் மணி நேரத்தில் படிகள் காலி. படிக்கட்டே அவர்கள்தான் என்பதால் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, அலுவலகத்துக்குள் யாரும் போக முடியவில்லை. யாருக்கும் போக வேண்டியும் இருக்கவில்லை.

எனக்கு வேலை இல்லை. கண்ணாடி அறையின் வெளிப்பக்கத்தில் கடிதம் ஒட்டியிருந்தது. இருபத்தேழு வருட அனுபவம் உடையவர் இளைஞர் அல்ல என்று இரண்டே வரி. விசிலடித்துக்கொண்டே யுஸ்ராவிடம் போனேன். ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கும்போது கால் கட்டைவிரல் தரையைத் தேய்த்தது. இந்த வயதில் இப்படித் தேய்க்கும் என்று எனக்குத் தெரியாது.

அவள் அடிவானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெங்காயம் உரிக்கத் தெரியுங்களா?"

தெரியாது என்றேன். அது உண்மை. வீட்டில் என்னை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை.

"பரவால்லீங்ண்ணா. இன்னைக்கிருந்து தெரியுமுங்க."

ஊருக்கே மதியச் சாப்பாடு. சமையலுக்கு மேற்பார்வை ரனியா என்ற பெண், வயது பத்தொன்பது, அன்று காலை பதினொன்றேகால் வரை ஆறாவது படி. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு முறை சொல்லித்தந்தாள். மூன்றாவது முறை, மாமா, அது வெங்காயம், உங்களை ஒன்றும் செய்யாது என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலையில் முதல் நாள் சிரிப்பது இப்படித்தான் இருக்கும் போல.

முதல் வெங்காயத்தின் தோலை எடுத்தேன். அடுத்த அடுக்கை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். நடுவில் ஒரு சின்னத் துறைமுகம் இருந்தது. அலை அடித்துக்கொண்டிருந்தது. கரையில் மேசை போட்டு, எள் அளவு மனிதர்கள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல் கூடத்திலிருந்து மேலே பேச ஒரு குழாய் உண்டு. அதில் யுஸ்ராவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை பேரு வேணுமாமுங்க?" என்றாள்.

குனிந்து கேட்டேன். கையை அகலமாக விரித்துக் காட்டினார்கள்.

"எத்தனை பேர் வந்தாலும் சரியாம்" என்றேன்.

குழாயில் சுக்கானை முறுக்கும் சத்தம் வந்தது.  பிறகு, "அப்ப ஓரமா நிறுத்தறனுங்க" என்றாள்.

நகரம் வேகம் குறைந்து இடது பக்கம் ஒதுங்கியது. பின்னால் மாடிப்படியில் யாரோ இறங்கும் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு நிறையக் காலடிகள். அவர்கள் அந்தச் சின்னத் துறைமுகத்தில் இறங்க வசதியாக, நான் வெங்காயத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.