பென்சில் முகங்கள்

வாய்க்கரிசிக் கிண்ணத்தோடு வான்மதி ஃப்யூனரல் ஹோம் ஹாலின் கதவோரமே நின்றுவிட்டாள். பெட்டி இருபதடி தூரத்தில் இருந்தது. அதில் அவள் கணவன் சந்தானம் படுத்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் சந்தேகமாக இருந்தது.

"அம்மா, எவ்ரிபடி இஸ் வெய்ட்டிங்," என்றாள் மகள் வெண்பா.

"ஒரு நிமிஷம்டி."

காலையில் மாலை போட நல்ல போட்டோ ஒன்று தேடப் போனதால் வந்த வினை. சந்தானத்தின் மேஜையில் அந்தப் பழைய பிரெஞ்சுப் படப்புத்தகம் கிடந்தது. அங்கி மாட்டிக்கொண்டு வழக்காடும் கிளிகள், விருந்தில் குடித்துவிட்டு உளறும் தவளைகள், பெண் முகத்தோடு ஒன்றையொன்று முறைக்கும் ரோஜாக்கள். ஹூஸ்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை வாங்கிய நாளிலிருந்தே மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாஷை தெரியாது, படம் போதும் என்பான். அவர்கள் குடியிருந்த பேர்லேண்டில் தெரிந்தவர்களையெல்லாம் அதே பாணியில் ஒரு நோட்டில் வரைந்து தள்ளினான். ராமசுப்ரமணியன் அங்கிள், வேட்டி கட்டிய தேரை. பர்வதம் ஆன்ட்டி, பட்டுப்புடவைக் கோழி. பக்கத்து வீட்டு ஜெயபிரகாஷ், டை கட்டிய கொக்கு. முதலில் பென்சிலில்தான் வரைவான். அந்த ஆள் படத்தில் உள்ளது போலவே நடந்துகொள்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மை போடுவான்.

"என்னை மட்டும் ஏன் வரையல?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"உனக்கு எதுவும் செட் ஆகல."

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு பூவோ பூனையோ கிடைக்கவில்லையா என்று அவளுக்கு உள்ளூர வருத்தம்தான்.

இன்று காலை, படப்புத்தகத்துக்கு அடியில் கிடந்த அந்த நோட்டைப் புரட்டியபோது, கடைசிப் பக்கத்தில் அவள் இருந்தாள். ஒரு ஹால், நடுவில் பெட்டி. கொக்கு கதவருகே ஃபோனைப் பார்க்கிறது. கோழி மாலையை இழுத்து இழுத்துச் சரி செய்கிறது. தேரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது. பெட்டிக்குள் ஒரு மனித முகம். அந்த நோட்டு முழுவதிலும் அது ஒன்றுதான் மனித முகம். தாடை மச்சம் உட்பட அவளுடைய முகம். பெட்டியின் கால்மாட்டில், ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் ஒரு நாய், முன்னங்கால்களின் மேல் தலையைச் சாய்த்தபடி. நாய் மட்டும் மையில் இருந்தது. மற்றதெல்லாம் பென்சில்.

மூலையில் போட்டிருந்த தேதி, போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன் நடந்த நாள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் பிழைத்தாள். சளிகூடப் பிடிக்காத சந்தானம், போன செவ்வாய்க்கிழமை கராஜில் கார் கதவைத் திறந்தபடியே விழுந்துபோனான்.

இப்போது ஜெயபிரகாஷ் அவளுக்குப் பக்கத்தில், கதவோரமாக நின்று ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "லேட்டா வர்றவங்களுக்கு லொகேஷன் அனுப்பறேன் அக்கா," என்றான். பர்வதம் ஆன்ட்டி மாலையை இப்படியும் அப்படியும் இழுத்தாள். ராமசுப்ரமணியன் அங்கிள் பைக்குள் கைவிட்டார். வேண்டாம், எடுக்காதீர்கள் என்று வான்மதி மனதுக்குள் கெஞ்சினாள். அவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றும் சரியாக வந்துவிட்டன. பாக்கி, பெட்டிக்குள் இருக்கும் முகம் மட்டும்தான்.

"வாம்மா வான்மதி," என்று பர்வதம் ஆன்ட்டி கூப்பிட்டாள். "இவங்க குடுத்த டைம் முடியப் போகுது. அடுத்த ஃபேமிலி வந்துடுவாங்க."

வான்மதி நடந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அரிசியை அள்ளிக் கையை உள்ளே நீட்டினாள். தன் தாடை மச்சத்தையே தொட்டுவிடுவோமோ என்று பயந்தாள். விரலில் மீசை குத்தியது.

கண்ணைத் திறந்தாள். அவன்தான். அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே கூசிப்போனாள்.

தலையைக் குனிந்தபோது பெட்டியின் கால்மாடு தெரிந்தது. வெறும் கார்ப்பெட். படத்தில் இருந்த எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். நாய் கிடந்த அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. யார் அந்த நாய் என்று காலையிலிருந்து அவள் யோசிக்கவே இல்லை.

"வெண்பா, எனக்கு ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு அப்பா எங்கடி இருந்தார்?"

மகள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "ஆன் த ஃப்ளோர், அம்மா. பை யுவர் ஃபீட். ஆல் டே. ஹி வுடன்ட் டேக் த சேர்."

வான்மதி கிண்ணத்தை மகளிடம் கொடுத்தாள். கால்மாட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, கீழ உக்காராதீங்க அக்கா," என்று ஜெயபிரகாஷ் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டான்.

அவள் ஏறி உட்காரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கார்ப்பெட்டில் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாற்காலி காலியாகவே கிடந்தது.