வெள்ளிக்கிழமை கிளம்பாத வண்டி

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும்தான் எங்கள் கார் மக்கர் பண்ணும். மற்ற நாள்களில் சமர்த்தாக ஓடும். அண்ணன் சாவியைத் திருப்பினால் உடனே உறுமிக்கொண்டு எழும். நான் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அதற்கும் எனக்கும் அப்படி என்ன வாய்க்கால் தகராறோ தெரியவில்லை.

அது மூன்று பேருக்குப் பொதுவான கார். அண்ணன், நான், தம்பி மூவரும் பணம் போட்டுப் பழைய காராக வாங்கினோம். வாங்கும்போதே அதற்கு ஒரு கதவு வேறு நிறம். திங்களும் செவ்வாயும் அண்ணனுக்கு, புதனும் வியாழனும் தம்பிக்கு, வெள்ளியும் சனியும் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓய்வு. செலவு விஷயத்தில் சண்டை வரக்கூடாது என்று அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தான். யார் கையில் இருக்கும்போது வண்டி நிற்கிறதோ அவர்தான் ரிப்பேர் செலவைக் கொடுக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் நானும் மண்டையை ஆட்டினேன்.

நான் வீட்டில் கேக் செய்து கடைகளுக்குக் கொடுப்பவள். வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்பே கேக் போய்ச் சேர வேண்டும். தம்பி வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியை என் வாசலில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போவான். காலையில் நான் கேக் பெட்டிகளை அடுக்கி, இடுப்பு வலிக்க உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். டிக். பிறகென்ன, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, என் வீட்டுக்காரரையும் சேர்த்துத் தள்ள வைத்து, தெருவே வேடிக்கை பார்க்கக் கிளம்புவேன். இரண்டு முறை தாமதமானதும் பெரிய கடைக்காரர் ஒரே போடாகப் போட்டார். "இன்னொரு தடவை லேட்டானா நான் வேற ஆளைப் பாத்துக்குறேம்மா." வயிற்றெரிச்சலில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர் 'பொறுமை'. எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். முதலில் பேட்டரி வயசாகிவிட்டது என்றார். புதிது வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமும் டிக். பேட்டரி முனைகளில் துரு என்று சுரண்டினார். அதற்கும் அடுத்த வாரம், டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை போல என்று அதைக் கழற்றிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய கூலிக்கு நான்தான் தண்டம் அழுதேன். நிற்பது என் கையில், நீட்டுவதும் என் கை. அண்ணனும் தம்பியும் ஒரு பைசா கொடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன இளிச்சவாயா?

"எங்கயோ கரண்ட் கசியுதுக்கா. டிக்கி லைட் அணையாம எரிஞ்சாக்கூட ராத்திரியில பேட்டரி இறங்கிடும்" என்றார் பொறுமை.

டிக்கியை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா இல்லையா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? நானே உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மூடினார். விளக்கு அணைந்துவிட்டது. நன்றாகவே அணைந்தது, கும்மிருட்டு. "தெறங்க" என்றேன். பூட்டு சிக்கிக்கொண்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இரேன். இந்த வீட்ல இவ்வளவு அமைதியா இருந்து ரொம்ப நாளாச்சு."

"வெளிய வந்தேன்னா நீங்க தொலைஞ்சீங்க!"

அவர் சிரித்துக்கொண்டே திருப்புளியால் நெம்பித் திறந்தார். டிக்கியின் மேல் எனக்கிருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

கடைசியில் பொறுமை வண்டியை ஒரு சனிக்கிழமை ராத்திரி தன் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார். மீட்டர் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"கசிவே இல்லக்கா. பேட்டரியும் நல்ல பேட்டரி. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. யாரோ எஞ்சினை நிறுத்திட்டு உள்ள எதையோ ரொம்ப நேரம் ஓட விடுறாங்க. அப்படின்னா எந்தப் பேட்டரியும் செத்துடும்."

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டில் பஞ்சாயத்து. அண்ணன் வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"தலைவலி எதுக்கு? வித்துடுவோம். பழைய இரும்புக்காரன் நல்ல விலை சொல்றான். மூணா பிரிச்சுக்கலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ரிப்பேருக்குக் கொடுத்ததில் பாதியாவது கைக்கு வருமே. ஆனால் தம்பி பதறிப்போனான். எங்கள் மூவரில் அந்தக் காரை அதிகம் திட்டியவன் அவன்தான். "இதெல்லாம் ஒரு வண்டியா" என்று சொல்லாத நாள் கிடையாது. அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"வேணாம்ணே. விக்காதீங்க. ரிப்பேர் செலவை வேணா இனிமே நானே பாத்துக்குறேன்."

"அட, திடீர்னு என்னடா பாசம்?"

"பாசமெல்லாம் இல்லண்ணே. எனக்குப் புதனும் வியாழனும் வண்டி வேணும்."

"ஆபீசுக்கு பஸ்ல போக வேண்டியதுதானே? மத்த மூணு நாள் அப்படித்தானே போற?"

தம்பி திருதிருவென்று முழித்துவிட்டு, போன் வந்த மாதிரி வெளியே போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரனை வரச் சொல்வதாக அண்ணன் முடித்துவிட்டான்.

எனக்கு மூக்கு வியர்த்தது. செலவை நானே பார்க்கிறேன் என்று என் தம்பி சொல்வதா? ஓட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிறவன் அவன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓட்டுநர் சீட் பின்னால் சாய்ந்தே கிடக்கும். "படுத்துக்கிட்டே ஓட்டுவியாடா" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். டாஷ்போர்டில் விசிறித் திருகு எப்போதும் கடைசி வரை திருகியிருக்கும். அவன் ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, ஆனால் அண்ணன் நிரப்பிக் கொடுக்கும் பெட்ரோல் குறையாமலே என் கைக்கு வரும். அதை அவனுடைய சிக்கனம் என்றல்லவா நினைத்தேன்!

புதன்கிழமை தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். வெண்ணெய் விலை, பிள்ளைகளின் இருமல் எல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்ல மட்டும் வண்டி மக்கர் பண்றதே இல்லையா?"

"இல்லையே அண்ணி. அவரு எப்பவும் தெருமுனை மேட்டுல நிறுத்திட்டு நடந்துதான் வருவாரு. காலைல உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணுவாரு. அப்பதான் பெட்ரோல் மிச்சமாம்."

பெட்ரோல் மிச்சமாவது, மண்ணாவது. பேட்டரி செத்த வண்டியைத்தான் உருட்டிக் கிளப்புவார்கள். அப்படியானால் அவனுக்கு விஷயம் தெரியும். அது மட்டுமில்லை. பகலில் அவன் எங்கே நிறுத்தி வைக்கிறானோ, அங்கேயும் இறக்கம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் வீடு வந்து சேர முடியாது. எங்கள் ஊர் தட்டையான ஊர். அவன் ஆபீஸ் இருக்கும் பக்கம் ஒரு மேடு பள்ளம் கிடையாது. இந்தப் பக்கம் அவன் தெருமுனை மேட்டை விட்டால், மேட்டில் இருப்பது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

அந்த இடத்தில் என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. வாரம் இரண்டு நாள், முழுப் பகலும் ஆஸ்பத்திரியில் இவனுக்கு என்ன வேலை? யாரிடமும் சொல்லாமல் என்ன வைத்தியம் பார்க்கிறான்? அவன் மெலிந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முழுவதும் அடுப்பில் வைத்ததை எல்லாம் தீய்த்தேன். என் வீட்டுக்காரர் கரிந்த கேக்கைப் பேசாமல் தின்றார்.

வியாழக்கிழமை மதியம் பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி இறங்குகிற சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. தூரத்திலேயே அந்த வேறு நிறக் கதவு தெரிந்துவிட்டது. ஓடினேன். சீட்டைப் பின்னால் சாய்த்து அவன் படுத்திருந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கண் திறந்துதான் இருந்தது, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு டப்பா மடியில் இருந்தது. விசிறி ஈனஸ்வரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவன், என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். "உடம்புக்கு என்னடா? எங்கிட்ட மறைக்காத. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா."

"அப்புறம் ஆஸ்பத்திரில என்ன வேலை?"

"இங்க உக்காந்திருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "வேலை போயிடுச்சுக்கா. நீ புது பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடியே."

"வேலைதானே போச்சு? சனியனே, வேலைதானே?" என்று அவன் தோளிலும் முதுகிலும் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். அவனுக்கு நோயில்லை என்ற நிம்மதி முதலில் வந்தது. அது போனதும், இத்தனை நாள் தனியாகக் கிடந்திருக்கிறானே என்று நெஞ்சு வலித்தது. அவனும் அழுவான் என்று நினைத்தேன். அவன் விசிறியைத்தான் நிறுத்தினான்.

"ரேடியோ போடவே மாட்டேன்க்கா. விசிறி மட்டும்தான். அதுவும் வெயில் ஏறினப்புறம்தான். உன் வாசல்ல விடறப்போ எஞ்சின் ஓடி வந்திருக்குமே, காலைல எடுத்துடும்னு நினைச்சேன். உன் கேக்குக்கு லேட்டாகும்னு சத்தியமா நினைக்கல."

"மத்த நாள்ல எங்க இருப்ப?"

"பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அதே பஸ்ல திரும்பி வருவேன்."

"அவளுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையை ஆட்டினான். "தினம் டப்பா கட்டிக் குடுத்து அனுப்புறா. எப்படிச் சொல்றது? முதல் நாள் சொல்லியிருக்கணும். விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு."

டப்பாவை வாங்கித் திறந்தேன். அவன் பாதிதான் தின்றிருந்தான். மீதியை ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காரில் யாரையோ கைத்தாங்கலாக ஏற்றினார். அவர்கள் வண்டி போனதும் டப்பாவை மூடினேன்.

"வண்டியை எடு. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"இப்பவா? ஆபீஸ் விட இன்னும் நேரம் இருக்கேக்கா."

"இப்பதான்."

"நீ சொல்லிடுவியா அவகிட்ட?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். வாயே தெறக்க மாட்டேன்."

"நீயா?" என்றான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாவியைத் திருப்பினான். டிக். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டான். ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் அவன் நிதானமாகத்தான் ஓட்டினான். வீட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டான். சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் தாண்டினான். என் வாயைக் கட்டிவைத்திருப்பது எனக்கே பெரும்பாடாக இருந்தது. மூன்றாவது சுற்றில் வேகம் குறைந்தது. வாசலுக்கு நேரே நிறுத்தினான்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கை சாவியின் மேல் இருந்தது. நிறுத்திவிட்டால் இந்தச் சமதரையில் மறுபடி கிளம்பாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். சாவியைத் திருப்பி நிறுத்தினான்.

சத்தம் நின்றதும் உள்ளேயிருந்து அவன் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னை அங்கே எதிர்பார்க்காததால் அவள் முகம் மாறியது.

"என்னங்க, இந்நேரத்துல வந்துட்டீங்க? வண்டிக்கு என்ன ஆச்சு?"

தம்பி இறங்கிக் கதவைச் சாத்தினான். டப்பாவை அவள் கையில் கொடுத்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா" என்றான்.