எவனும் பண்ணாத பாட்டு

அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவில் இரண்டு ஸ்கூட்டர் உரசிக்கொண்டால் முதலில் காதில் விழுவது அதுதான். ஒரு பாட்டு முழுக்க அந்த ஒரே வார்த்தையைப் பாடித்தான் தொண்டை பேர் வாங்கினான். அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்டை என்பது பட்டப்பெயர். ஹெவி மெட்டல் குழுவில் உறுமுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவன் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வண்டியைச் சாக்கடையில் இறக்கினாலும், மதிலில் கொண்டுபோய் முட்டினாலும், "பரவாயில்லைங்க, கிளச்ச மெதுவா விடுங்க" என்பதைத் தாண்டி ஒரு சொல் சொல்ல மாட்டார். அவர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. வந்த கோபத்தையெல்லாம் அதன்மேல்தான் மிதித்துத் தீர்த்திருப்பார் போல.

மாலையில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்த ஷெட்டில்தான் குழு பயிற்சி செய்யும். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். டயர் வாசனை, கிரீஸ் வாசனை, நடுவில் டிரம்ஸ். கிதார் வாசித்தவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான், அதனால் அவன் கண்ணாடி. தொண்டை எதை எழுதிக்கொண்டு வந்தாலும் இல்லையென்று கண்ணாடி தலையை ஆட்டுவான். "இத ஏற்கனவே எவனோ பண்ணிட்டான்டா." தொண்டை இன்னும் நாலு கெட்ட வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வருவான். "இதையும்தான்."

ஒருநாள் வண்டிச் சாவியை மாட்டவந்த அப்பா, ஷெட் வாசலில் நின்று ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் நிதானமாகச் சொன்னார்: "கெட்ட வார்த்தை பேசறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அதுலகூட உனக்குன்னு ஒண்ணு இல்லையாடா? எல்லாமே எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இது சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்கப்புறம் இருவருக்கும் நடுவில் "சாவி எங்க", "மேசை மேல" என்பதோடு பேச்சு முடிந்துபோனது.

பிறகு ஒரு காலை, பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரே ஒரு வார்த்தை. ஆயுசில் ஒருமுறைகூட அவர் வாயில் வராத வார்த்தை! தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். டாக்டர் அதிசயப்படவே இல்லை. "பேச்சு ஒரு இடத்துல இருக்கு, திட்டு வேற இடத்துல இருக்கு. சில பேருக்கு அதுதான் தப்பிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்தபோது அப்பா மரியாதையாகத் தலையசைத்து அந்த வார்த்தையால் வரவேற்க, அவள் வந்த வழியே திரும்பினாள். அன்று அம்மா சிரித்துவிட்டுப் பிறகு அழுதாள். ஆனால் சீக்கிரமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். முனகினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சொல்லும் விதத்தை வைத்தே எல்லாம் கண்டுகொண்டாள்.

தொண்டை பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். பயந்தாங்கொள்ளி. அந்த அறைக்குள் போய் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றியபோது சுவர் வழியாக அது கேட்டது. வழக்கமான வெடுக் இல்லை. அடியிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, நடுவில் உடைந்து, மெதுவாக இறங்கும் ஒரு நீளமான இழுப்பு. தொண்டைக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு உறுமலை அவன் எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை. மறுநாள் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அப்பாவின் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தான்.

அந்த இழுப்பை அப்படியே தாளத்தில் உட்கார வைத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் அம்மா ஏதோ சொல்வது லேசாகக் கேட்டது. இரைச்சல் என்று அதை வெட்டினான். வெட்டின இடம் வெறுமையாக நின்றது நன்றாக இருக்கவே, பாட்டிலும் விட்டுவிட்டான்: ஒரு உறுமல், பிறகு கிதார், டிரம்ஸ் எல்லாம் நின்று ஒரு மௌனம், மறுபடி உறுமல்.

கண்ணாடி அதைக் கேட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இத எவனும் பண்ணலடா" என்றான்.

அது முதல்முறை மேடையேறுவதற்குள் அப்பா போய்விட்டார்.

பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. "எங்கிருந்து பிடிச்சீங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "உள்ளேருந்து வந்துச்சு" என்றான் கூசாமல். ஆனால் அதற்கப்புறம் அவனால் வேறொன்றும் எழுத முடியவில்லை. புதுப் பாட்டு என்று வாய் திறந்தால் குரல் அந்த இழுப்பிலேயே போய் விழுந்தது. மேடையில் அது உடையும் இடம் வரும்போது அவன் கால் தானாகத் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை மிதிப்பதுபோல.

ஒருநாள் முகம் மழிக்கும்போது தன்னையறியாமல் அதை முனகினான். சமையலறையில் குழாய் நின்றது. அம்மா ஈரக்கையோடு விறுவிறுவென்று நடந்து அப்பாவின் அறை வாசலுக்கு வந்தாள். காலிக் கட்டிலைப் பார்த்தபடி நின்றாள். இவன் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கவலை. அம்மா அந்தப் பாட்டைக் கேட்டுவிடக் கூடாது. செத்தவரின் வாயிலிருந்து திருடியிருக்கிறான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

அவளோ ஒற்றைக்காலில் நின்றாள். "அப்பாதான் ஒரு ஷோவுக்கும் வரல. நானாவது வரேன்."

"காது போயிடும்மா."

"பஞ்சு வெச்சுக்கறேன்."

வந்தாள். இடிபடாமல் மேடையோரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதல் நாலு பாட்டுக்கும், பல் டாக்டரிடம் வாய் திறந்து உட்கார்ந்திருப்பவள்போல் பொறுமையாக இருந்தாள். அந்தப் பாட்டை இன்றைக்கு விட்டுவிடலாம் என்று தொண்டை கெஞ்சிப் பார்த்தான். கண்ணாடி கேட்கவில்லை. கூட்டம் அதற்குத்தானே வந்திருக்கிறது.

தொண்டை உறுமினான். அடியிலிருந்து, மேலே, உடைந்து, இறங்கி. எல்லாம் நின்றது. அந்த மௌனத்தில் அம்மா காதிலிருந்து பஞ்சை எடுப்பதைப் பார்த்தான். இரண்டாவது உறுமல். அம்மா எழுந்தாள். மூன்றாவது முடிந்து அரங்கமே மூச்சைப் பிடித்திருந்தபோது, அவள் சாதாரணக் குரலில், வீட்டில் பேசுவதுபோலப் பேசினாள்.

"இதோ வந்துடுவான்ங்க. பக்கத்து ரூம்லதான் இருக்கான்."

சரியாக அந்த மௌனத்தின் நீளம். வெட்டி எறிந்த இடத்தில் அது போய் அப்படியே உட்கார்ந்தது. நாலாவது உறுமல் வரவில்லை. டிரம்ஸ்காரன் எதையோ அடித்துச் சமாளித்துப் பாட்டை முடித்துவைத்தான்.

தொண்டை மேடையோரம் இறங்கி அவள் எதிரில் நின்றான். "அம்மா, அப்பா அப்ப என்ன கேட்டாரு?"

"எப்ப?"

"இப்படி இழுத்துச் சொல்லும்போது."

அம்மா அவனை விநோதமாகப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். "கேட்கலடா. கூப்பிட்டாரு. உன்னைத்தான். சாயங்காலம் ஆனா ஆரம்பிச்சுடுவாரு. வந்துடுவான், வந்துடுவான்னு நான் சொல்லிட்டே இருப்பேன்."

"நீ ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"நீதான் காதுல மாட்டியிருந்தியே" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் கூட்டம் பொறுமையிழந்து கத்த ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான பேர், கையைத் தூக்கிக்கொண்டு, அந்த ஒரே வார்த்தையை. அவன் கற்றுக்கொடுத்த அதே இழுப்பு. அடியிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, உடைந்து, இறங்கி. விடாமல் கூப்பிட்டார்கள்.

தொண்டை மேடையேறி மைக்கைப் பிடித்தான். உறுமல் வரவில்லை. பிஞ்சு வயதில் இருந்த குரல்தான் வந்தது.

"இதோ வந்துட்டேன்பா."

கூட்டம் ஒரு கணம் அடங்கிப் பிறகு ஆரவாரித்தது. புது வரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபின் அம்மா நாற்காலியில் தொண்டைக்காகக் காத்திருந்தாள். கண்ணாடி தரையில் குந்தி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசியில ஒரு வரி போட்டியே, யாரோடதுடா?"

"என்னோடது."

"நல்லா இருந்துச்சு" என்றான் கண்ணாடி, ஒயரிலிருந்து தலையைத் தூக்காமல். "முன்னாடியே போட்டிருக்கலாம்ல?"

"ஆமா" என்றான் தொண்டை. "போட்டிருக்கலாம்."