இராஜம்மாவின் கல்லும் மலை பங்களாவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பிணம். மலாயாவில், செலாயாங்குக்கு வடக்கே ஒரு மலை, அதன்மேல் வெள்ளைக்காரத் துரைகள் தங்க ஒரு பங்களா, பங்களாவில் பிணம். ஆண்டு 1926. துப்பறியும் கதையின் முதல் வரிகூடத் தயார்: ‘பின்கதவைத் திறந்த சமையற்காரன் அலறினான். அங்கே—’

அங்கே என்ன? பின்கதவு எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. பிளான் போட ஓர் ஆள் வேண்டும். அரசாங்கக் குவாட்டர்ஸ் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரைபடக்காரர் சின்னையாவைக் கொண்டுவந்தேன். வந்தவர் என் பிணத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்.

2

சரிவில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. மலைப்பாதை வெட்டும்போது மண் சரிந்து புதைந்துபோன கன்னையாவுக்கு அவன் மனைவி இராஜம்மா நட்டது. உடல் கிடைக்கவில்லை. [இங்கே மழை பெய்ய வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.] வெள்ளிக்கிழமைதோறும் வந்து சூடம் கொளுத்துவாள்.

பிளானில் சின்னையா மலையை வெட்டவில்லை. கம்பத்து மலாய்க்காரர் வீடுகளைப்போல மரக்கால்கள்மேல் பங்களாவை நிறுத்தினார். கல் வந்த இடத்தில் தாழ்வாரத்தையே வளைத்தார்.

பிளானை எட்டிப் பார்த்த இராஜம்மா சிரித்தாள். “வீட்டுக்கு எதுக்குங்கய்யா இத்தனை காலு? துரையை விட்டுட்டு ஓடிப்போகவா?”

“உன் புருஷன் இருக்கிற எடத்தை மிதிக்காம நிக்கத்தாம்மா.”

சிரிப்பு நின்றது. “கல்லு இருக்கும்ல?”

“நான் இருக்கேன்ல. இருக்கும்.”

(இந்த வாக்கை அவர் கொடுத்திருக்கக் கூடாது. பேனா என் கையில்தான் இருந்தது.)

3

தெரியாமல் யாரும் கல்லைப் பெயர்த்துவிடக் கூடாதே என்று சின்னையா அதைப் பிளானில் எழுத்திலும் குறித்தார்: ‘சமாதிக் கல். தொடக் கூடாது.’ பிளானில் ஏறியது பத்திரம் என்பது ஆபீஸ்காரர் நம்பிக்கை. குறிக்காமல் விட்டிருந்தால்? பிளானுக்கு அனுமதி தரும், மலையேறச் சோம்பல்படும் துரைக்கு அப்படியொரு கல் இருப்பதே தெரிந்திருக்காது.

துரை படித்தார். “செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து யார் டீ குடிப்பது? எடுத்துவிடு.”

வளைந்த தாழ்வாரம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சின்னையா வேலையை உதறுகிறார்— (குவாட்டர்ஸை விட்டுக் குடும்பத்தோடு எங்கே போவார்? அடித்தேன்.) கூலிகள் கடப்பாறையைக் கீழே போடுகிறார்கள்— (அவர்களை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அடித்தேன்.) பழைய பழக்கத்தில் துரையைக் கொன்றும் பார்த்தேன். அடுத்த துரை வந்தார். அவரும் டீ குடிப்பவர்.

வெள்ளிக்கிழமை. இராஜம்மா ஏறி வருகிறாள். தாழ்வார வளைவுக்குள், கல் இருந்த இடத்தில், புதுமண் நிரவிக் கிடக்கிறது. சின்னையா பாதையிலேயே நிற்கிறார்.

“என்னங்கய்யா, வழியை மறிச்சிக்கிட்டு?”

அவர் வாய் திறக்கிறார். அதில் வைக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. உங்களிடம் இருந்தால் கொடுங்கள், சீக்கிரம். அவள் அவரைத் தாண்டி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.