கலப்படமற்ற ஃபிர்மின்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கைதான். மார்ன் ஆற்றங்கரையில் சோலாஞ்ஜ் அம்மாளின் நடனக்கூடத்துக்குச் சுவரொட்டி எழுதித் தந்தவன் நான். "அக்கார்டியன்: ஃபிர்மின் வேர்னாஸ்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வெறிச்சென்று இருக்கிறதே என்று "கலப்படமற்ற பிரெஞ்சு இசை" என்று சேர்த்தேன், ஏதோ நெய் விற்பவன்போல. அதை நம்பி ஒரு பெருங்கூட்டம் வந்துவிட்டது.

2

முதல் வரியாக எழுதியது: "ஃபிர்மினின் தொப்பைமேல் அக்கார்டியன் ஒரு குழந்தையைப்போல..." வேண்டாம். அந்தக் கூட்டணியில் குழந்தை அவன்தான்.

(பாத்திரம் நம்பும்படி இல்லை என்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். எதைக் கேட்டாலும் கோமாளித்தனமாகவே பதில் சொல்பவனை வைத்து என்ன கதை எழுதுவது? "உன் வாசிப்புல எதுய்யா உன்னோடது?" என்று ஒருமுறை கேட்டேன். "தப்பா விழுற சுரமெல்லாம்" என்றான்.)

3

ஜோடி ஜோடியாகச் சுழன்றாடும் வால்ட்ஸ் தொடங்கியது. பாதியில் அவன் விரல்கள் வழக்கம்போல ஊர்சுற்றக் கிளம்பின. ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

"இது ஜிப்சி மெட்டுய்யா! சுவரொட்டியில என்ன போட்டிருக்கு?"

சோலாஞ்ஜ் அம்மாள் மேடையோரம் வந்தார். "ஃபிர்மின், சுத்தமா வாசி. இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளு."

"உத்தரவு மேடம்! இந்தக் குழைவு ஓவெர்ன் மலைக்காரங்க பைக்குழலோடது, எடுத்தாச்சு. இடதுகைத் தாளம் கீழ்வீட்டு இத்தாலிக்காரரோடது, அதையும் எடுத்தாச்சு. துள்ளல் என் ஜிப்சி மச்சான் கிட்டாரோடது. இழுவை அல்ஜீரியாக்காரர் காபிக்கடை ரேடியோவோடது. எல்லாம் போச்சு!"

காற்றுப் பொத்தானை மட்டும் அழுத்தித் துருத்தியை விரித்தான். உஸ்ஸென்று காற்று வந்தது.

"இதோ, கலப்படமற்றது. ஆடுங்க!"

கூடம் சிரித்தது. சோலாஞ்ஜ் அம்மாள் சிரிக்கவில்லை.

4

முடிவு அ: அவரும் சிரித்து அவனை அணைத்துக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஃபிர்மின் தலைகுனிந்து, சுத்தமாக ஒரு... இல்லை, அவன் இந்த வாக்கியத்துக்குள் வரவே மறுக்கிறான்.

முடிவு இ: உங்களுடையது. அந்த அம்மாள் என்ன முடிவெடுத்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது இடைவேளையில் நடந்ததுதான்.

"நான் கிறுக்கி வச்சதுக்கு நீ ஏன்டா வேலைய விடணும்? ஒரே ஒரு வால்ட்ஸ். அந்தம்மா கேக்குற மாதிரி வாசிச்சுடேன்" என்று கெஞ்சினேன்.

அவன் கோமாளித்தனத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"மாட்டேன். மலைக்காரங்க, இத்தாலிக்காரர், மச்சான், காபிக்கடைக்காரர், அவங்க எல்லாரையும் வாசல்ல நிறுத்திட்டு நான் மட்டும் எப்படிடா உள்ள போறது?"