வைஃபையில் கிடந்த துண்டு

எங்கள் வீட்டு வைஃபையில் ஆறு சீட்டுகள். ஆறாவது ஜன்னலோர சீட்டு. அதில் யாரோ துண்டு போட்டு வைத்திருந்ததால் சுகிர்தாவின் லேப்டாப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

அன்று பதினொன்றரைக்கு அவளுக்கு இன்டர்வியூ. என்னுடைய ஓசூர் மாற்றலுக்காக மதுரையில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்த மனைவி அவள். வருடக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக் களைத்த பிறகு வந்திருக்கும் முதல் அழைப்பு இது. விடிந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, லேப்டாப்பின் முன் உட்கார்ந்துவிட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இது ஏறவே மாட்டேங்கு" என்றாள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்தேன். எல்லோரும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து அவரவர் சீட்டிலேயே உட்கார்ந்தார்கள். துண்டு மட்டும் இறங்கவே இல்லை. சரி, நம் ஆளையாவது எழுப்புவோம் என்று என் கைப்பேசியை எழுப்பினேன். அது முழுதாக எழுந்து நிற்பதற்குள் மாடி வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெரிய உடம்பு, எழுந்திரு என்று சொல்ல முடியுமா?

இணைப்புக் கொடுத்த பிரான்சிஸை வரவழைத்தேன். அவர் டார்ச் அடித்து மோடத்துக்குள் பார்த்தார்.

"அஞ்சுல ஆளு இருக்கு சார். ஆறாவதுல துண்டு. காவி பார்டரு."

"எடுத்துடலாமா?"

"ஐயையோ, நான் குடும்பஸ்தன் சார்" என்று சொல்லி, டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் போட்ட துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தவன் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

காவி பார்டர் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தர்மபுரியில் மகன் வீட்டில் இருக்கும் என் மூத்த அண்ணன் பேச்சிமுத்துவின் துண்டு. பொங்கலுக்கு வந்தவர், அடுத்த தடவைக்கு என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முன்யோசனை என்றால் அண்ணன்தான்.

போன் செய்தேன். பஸ் இரைச்சல் கேட்டது.

"ஏல, ஒங்க வீட்டுக்குத்தான் வாரேன். கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. நின்னுக்கிட்டே வாரேன், கேட்டியா? கால் கடுக்கு."

விஷயத்தைச் சொன்னேன்.

"நா வார வரைக்கும் அந்தப் புள்ளைய ஒக்காந்துக்கிடச் சொல்லு."

போன உயிர் திரும்பியது. வட்டம் நின்றது. திரையில் நீள பெஞ்சில் மூன்று பேர், நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சுகிர்தா முதல் கேள்விக்குத் தடுமாறினாள். இரண்டாவதற்குத் தேறினாள். நான்காவதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு ஓரத்தில் இருந்தவர் பேனாவையே மூடி வைத்துவிட்டார். இவ்வளவு தெரிந்தவளா தினமும் என்னிடம் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அண்ணன் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, லேசாக இருமினார். சுகிர்தா எழுந்துகொண்டாள்.

"பரவால்ல, இரி தாயி, இரி" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக் குற்றால அருவி வீடியோ பார்க்கத் தொடங்கினார்.

லேப்டாப் நிற்க வேண்டியதாகிவிட்டது. படம் ஆடியது. சுகிர்தாவும் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே பதில் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் பாதி வாக்கியம் நழுவிப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் போகிறதே என்று எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவருக்குக் காப்பி போட்டேன்.

நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா நின்னுக்கிட்டே பேசுறீங்க? இங்க வாங்க. சார், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

இருவரும் நகர்ந்தார்கள். சுகிர்தா சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மேசைமேல் ஏறித் திரைக்குள் போய் அவர்களோடு உட்கார்ந்தாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ ஒரு பேனா கொடுத்தார்கள். இத்தனை வருடத்தில் அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

பிறகு அந்த அம்மா, அடுத்தவர் யார் என்று கேட்டார். எங்கள் கூடத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுகிர்தா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற ஊருக்கு வரத் தயாரா?" என்று கேட்டாள்.

"தயார்ங்க" என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் கலந்து பேசினாள். பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார்கள்.